முப்பத்தொன்பது கிலோ நானூறு கிராம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எல்லை வாசலில் உள்ள எடை மேடையில் சோதனை அதிகாரி நானூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தார். முந்தைய நாள் மாலைவரை அவர் எழுபத்தொன்று. ஆள் ஊதிவிடவில்லை. அதே ஒட்டிய கன்னம், அதே இடுப்புவார், அதில் அதே மூன்றாவது ஓட்டை. காலையில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு டீயும்தான் உள்ளே போயிருந்தன. அன்று எத்தனை லாரி வந்தது, எவ்வளவு மழை பெய்தது என்று எழுதி வைத்தவர்கள் இதையும் அதே நோட்டில், அதே மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஊருக்கு அந்தச் சண்டையில் பங்கு கிடையாது. சண்டை எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு நகரத்தை அந்த நாட்டு ராணுவம் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்தது. நகரத்துக்குள் துப்பாக்கி தூக்கிய கூட்டம் ஒன்று இருந்தது, வேறு போக்கிடம் இல்லாத நான்கு லட்சம் பேரும் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போக எங்கள் வாசலை விட்டால் வழியில்லை. பதினொரு மாதம் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நிவாரண லாரியை எங்கள் அதிகாரி சோதித்து, கதவுக்கு ஈய முத்திரை வைத்து, எடை போட்டு, அனுமதித்த சாமான்களின் எடைக் கணக்கோடு சீட்டு எழுத வேண்டும். நான்கு கிலோமீட்டர் தள்ளி ராணுவத்தின் வாசலில் அவர்கள் தங்கள் மேடையில் மறுபடி எடை போடுவார்கள். அது எங்கள் எடையோடும் சாமான் கணக்கோடும் பத்து கிலோவுக்குள் ஒத்துப்போனால் முத்திரையை உடைக்காமல் உள்ளே விட வேண்டும். வித்தியாசம் மேலே போனால் அவிழ்த்துப் பார்க்கலாம், திருப்பியும் அனுப்பலாம். கையெழுத்துப் போட்டவர்களில் யாரும் யாரையும் நம்பவில்லை. ஆகவே எல்லோரும் சேர்ந்து தராசை நம்புவதென்று முடிவு செய்தார்கள்.

சோதனை முடிந்ததிலிருந்து எடை போடும்வரை அதிகாரியின் கை முத்திரையை விட்டு எடுபடக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. இடையில் யாராவது எதையாவது உள்ளே தள்ளிவிடுவார்களோ என்ற பயம். அதனால் லாரி மேடையில் ஏறும்போது அதிகாரியும் முத்திரையைப் பிடித்தபடி கூடவே ஏறி நிற்பார். மொத்த எடையில் அவருக்கான எழுபத்தொரு கிலோவை எடை எழுத்தர் கழித்துவிடுவார். இந்த எழுத்தரை எல்லோரும் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதைக்கூட விடாமல் எழுதுகிற மனிதர். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஒரு எண்ணையும் அடித்துத் திருத்தியதில்லை என்பது அவருக்குப் பெருமை. அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் லாரி போன வேகத்தில் திரும்பி வந்தது. முந்நூற்று நாற்பத்தொரு கிலோ குறைகிறது என்று ராணுவம் எழுதியனுப்பியிருந்தது. புள்ளி மேடையைக் கழுவிப் பார்த்தார், பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார், கடைசியில் வெறும் மேடையில் அதிகாரியை மட்டும் ஏறி நிற்கச் சொன்னார்.

“சார், நேத்து என்ன சாமான் மறுத்தீங்க?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“ஊன்றுகோல். இருநூத்தி இருபது ஜோடி.”

ஒரு ஜோடி ஒரு கிலோ ஐநூற்றைம்பது கிராம். புள்ளி பெருக்கிப் பார்த்தார். முந்நூற்று நாற்பத்தொன்று, பிசகில்லாமல். “அப்ப சரி சார். இனிமே நானூத்திப் பன்னெண்டு கழிச்சிடறேன்” என்றார். லாரி மறுபடி கிளம்பி, எடை ஒத்துப்போய், உள்ளே போனது.

தடைப்பட்டியல் ராணுவம் தயாரித்தது. முதலில் நான்கு பக்கம் இருந்து, மூன்றாம் வருடத்தில் அறுபத்தொரு பக்கமாக வளர்ந்திருந்தது. ஆயுதமாக மாறக்கூடிய எதுவும் உள்ளே போகக் கூடாது. ஊன்றுகோலில் குழாய் இருக்கிறது, குழாயில் ராக்கெட் செய்யலாம். மூச்சுக்கருவியில் மோட்டார் இருக்கிறது, மோட்டாரை எதில் வேண்டுமானாலும் பொருத்தலாம். ராணுவம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் கிடைத்த குழாயில் எல்லாம் ராக்கெட் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவை எட்டு கிலோமீட்டர் பறந்து, தரிசில் விழுந்து, புல்லை எரித்தன. நம் அதிகாரிக்கு முன்னால் இருந்தவர் ஒரு தண்ணீர் பம்ப்பைக் கண்டும் காணாமல் விட்டார். சாமான் கணக்கைவிடப் பதினெட்டு கிலோ அதிகம் காட்டியதும் ராணுவம் லாரியை அவிழ்த்துப் பார்த்து, வாசலைப் பத்தொன்பது நாள் இழுத்து மூடியது. உள்ளே எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு மூன்று தரப்பும் மூன்று எண் வைத்திருக்கிறார்கள். அதனால் நம் அதிகாரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பட்டியலைப் பார்ப்பார். ஊன்றுகோலை நிறுத்தினால் ஒருவன் தவழ்ந்து போவான், விட்டுவிட்டால் நான்கு லட்சம் பேர் பட்டினி கிடப்பார்கள். இந்தக் கணக்கைத் தினமும் போட்டார், தினமும் ஒரே விடை வந்தது, நன்றாகவே தூங்கினார்.

கனம் அவருக்குத் தெரியவில்லை, தரைக்குத்தான் தெரிந்தது. மறுக்கும் ஒவ்வொன்றும் அன்றைக்கே அவர்மேல் ஏறிக்கொண்டது. கட்டில் முதல் வாரமே காலை விரித்தது. குளியலறைக் கல் நான்காக விண்டது. மாடி வீட்டைக் காலி செய்து தரைவீட்டுக்கு வந்தார்கள். பேருந்தில் அவர் ஏறிய பக்கம் சாய்கிறது என்று நடத்துநர் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டார். டாக்டர் அவரை எடை பார்க்கும் கருவியில் ஏற்றி, கருவி போனதும், உப்பைக் குறைக்கச் சொன்னார். “உப்பைக் குறைச்சா எப்படி? ஊர்ல இருக்கற சக்கர நாற்காலியெல்லாம் உங்க மேலதான் உக்காந்திருக்கு” என்றாள் மனைவி.

அவள் அந்தப் பக்கத்து நகரத்தில் பிறந்தவள். எல்லை என்பது ஒரு கம்பியும் ஒரு தூங்குமூஞ்சிக் காவலாளியுமாக இருந்த காலத்தில் நடந்த கல்யாணம். அவளுடைய ஒரே தங்கை அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலி லாரியில் திரும்பி வரும் பால்பவுடர் டின்னுக்குள் தங்கை சீட்டு மடித்து வைப்பாள், ஓட்டுநர் கொண்டுவந்து கொடுப்பார். மூன்று வருடமாக அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அந்த மாதம் வந்த சீட்டில் இப்படி இருந்தது: “அக்கா, நான் நாப்பத்தாறு கிலோ ஆயிட்டேன். உன்னோட பழைய சட்டையெல்லாம் இப்ப எனக்குச் சரியா இருக்கும். வார்டுல மூச்சு மெஷின் ஒண்ணுதான் ஓடுது. ரெண்டு குழந்தைக்கு மாத்தி மாத்தி வைக்கிறோம். இன்னொண்ணு அனுப்பச் சொல்லி மூணு தடவ எழுதிட்டோம். மாமாகிட்ட சொல்லு.” மாமாவுக்குத் தெரியும். அந்த இன்னொன்றை, முப்பத்தெட்டு கிலோ, இரண்டு தடவை மறுத்ததே மாமாதான்.

மறுத்த சாமான்களைப் போட்டு வைக்க மேடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. சாப்பாட்டு டப்பாவோடு வந்த மனைவி ஒரு நாள் அதற்குள் எட்டிப் பார்த்தாள். ஊன்றுகோல்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு மிதந்தன. சக்கர நாற்காலிகளைக் காவலாளி கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார். கதவைத் திறக்கும்போது பறந்துவிடுகின்றன, துரத்திப் பிடிக்க முடியவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டார்.

“இதோட எடையெல்லாம் உங்ககிட்ட வந்துடுச்சு. இதுங்களுக்கு எடையே இல்ல” என்றாள் மனைவி.

அதிகாரி கொட்டகைக் கதவைச் சாத்தினார். அவள் எங்கே வருகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“எடை இல்லாத சாமான அவங்க மேடை எப்படிங்க கண்டுபிடிக்கும்?”

“கண்டுபிடிச்சா வாசல மூடிடுவான். அப்புறம் உன் தங்கச்சிக்கு மாவுகூடப் போகாது.”

“கண்டுபிடிக்கலன்னா?”

மூன்று நாள் அவர் அதற்குப் பதில் தேடினார். நான்காம் நாள் மூச்சுக்கருவி மூன்றாவது தடவையாக வந்தது. தன் பதிவேட்டில் மறுப்பு என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கருவியை இறக்கவில்லை. மாவு மூட்டைகளுக்கு நடுவே, மேலே போய்விடாதபடி கயிற்றால் கட்டி, கதவை மூடி, முத்திரை வைத்து, கையை வைத்தார். ஏழு வருட உத்தியோகத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. லாரி போய் ஒரு மணி நேரம் அவர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ராணுவத்தின் மேடையில் வித்தியாசம் நான்கு கிலோ வந்தது. உள்ளே போய்விட்டது.

பிறகு ஒன்பது மாதம் இப்படியே நடந்தது. அவர் மறுக்க மறுக்க எல்லாம் போய்ச் சேர்ந்தன: பேட்டரிகள், தண்ணீர் வடிகட்டிகள், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிகள், கொட்டகையில் முன்பே கட்டிக் கிடந்த சக்கர நாற்காலிகள். அவர் எடை டன் கணக்கில் போனது. வீட்டு வாசலில் தார் ரோடு அவரை முழங்கால்வரை விழுங்கிய நாளோடு வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டு மேடையிலேயே தங்கினார். அறுபது டன் தாங்கும் இரும்பு அது, எங்கள் ஊரில் அவரைத் தாங்க வேறு இடமில்லை. தலைக்கு மேல் தகரம் போட்டுக் கொடுத்தார்கள். மனைவி மதியம் சாப்பாடு கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைப்பாள். ஜன்னலிலிருந்து புள்ளி, “டப்பாவ எடுத்துக்குங்கக்கா, அறுநூறு கிராம் காட்டுது” என்பார். தங்கையின் சீட்டுகள் வந்தன. “மெஷினக் கட்டில் காலோட கட்டி வச்சிருக்கோம், இல்லன்னா கூரைக்குப் போயிடுது. பதினாலு குழந்தைங்க மூச்சு விடறாங்க மாமா.” அந்தச் சீட்டை அதிகாரி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. அதை அவரே மனைவியிடம் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஊன்றுகோல்களை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டார். குழாய் என்பது பட்டியலின் முதல் பக்கம், முதல் வரி. ஆனால் குண்டு விழுந்து கால் போனவர்களின் எண்ணிக்கையைத் தங்கை எழுதிக்கொண்டே இருந்தாள். மருந்தும் மெஷினும் போனபோது ஊன்றுகோல் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அவருக்குத் தோன்றியது. இருநூற்றிருபது ஜோடியும் போயின. நூற்றுத் தொண்ணூறு ஜோடி கால் போனவர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தன என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. மீதி முப்பது ஜோடியைத் துப்பாக்கிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எடையில்லாத குழாயில் செய்த ராக்கெட் எட்டு கிலோமீட்டரில் விழவில்லை. மலையைத் தாண்டி, முப்பத்திரண்டு கிலோமீட்டர் பறந்து, அந்த நாட்டின் இன்னொரு ஊரில், சண்டையைப் பேப்பரில் மட்டும் படித்திருந்த ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. வியாழக்கிழமை, பகல் பதினொன்றேகால். அதே நிமிடம் எங்கள் மேடையில் முள் அசைந்தது. இருநூற்றுப் பதினான்கு கிலோ ஏறியிருக்கிறது என்று புள்ளி எழுதினார். அன்று அதிகாரி எதையும் மறுத்திருக்கவில்லை. சாயங்காலம் ரேடியோவில் செய்தி வந்தது. ஒன்பது குழந்தைகள். வயதைச் சொன்னார்கள், எடையைச் சொல்லவில்லை. புள்ளி வயதுகளை ஒரு தாளில் எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாளை மடித்து மேஜைக்குள் போட்டார்.

“அதுதானா?” என்று மேடையிலிருந்து கேட்டார் அதிகாரி.

“அதுதான் சார்.”

பள்ளிக்கூட முற்றத்தில் ராக்கெட்டின் துண்டுகள் தரையில் நிற்காமல் மிதந்ததைப் பார்த்து, அவை எந்த வழியாக வந்தவை என்று ராணுவம் கண்டுபிடித்துவிட்டது. மறுநாள் காலை வாசலை மூடினார்கள். அதிகாரியைக் கைது செய்ய உத்தரவு வந்தது. தூக்கிப் போக வந்த கிரேன் கொக்கி வளைந்து திரும்பிப் போனது. ஆகவே விசாரணைக் குழுவே மேடைக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊன்றுகோல் உள்ளே போகும் என்று தெரிந்தே விட்டாரா என்று கேட்டது. ஆமாம் என்றார். குழாயில் ராக்கெட் செய்வார்கள் என்று தெரியுமா என்று கேட்டது. தெரியும் என்றார். பிறகு ஏன் என்று கேட்டபோது சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். குழுவினர் படித்துப் பார்த்துவிட்டு, சாட்சியமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினான்கு குழந்தைகளை ஒரு பக்கமும் ஒன்பது குழந்தைகளை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. பழைய கணக்காவது விடை தந்தது, இது தரவில்லை. தன்னைப் போன்ற முட்டாளை எந்த ஊரும் பெற்றிருக்காது என்று தகரக் கூரையைப் பார்த்து அழுதார்.

வாசல் மூடிய பன்னிரண்டாம் நாள் மேடையில் மூன்று கிலோ நூறு கிராம் ஏறியது. பதினான்காம் நாள் இரண்டு கிலோ அறுநூறு. அதே நாள் மாலை நான்கு கிலோ. மெஷினுக்கு மின்சாரம் இல்லை, மின்சாரத்துக்கு டீசல் இல்லை, டீசல் வர வாசல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். புள்ளி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். மனைவி மதியம் வரும்போது ஜன்னல் வழியாகப் பதிவேட்டைப் பார்ப்பாள், விரலால் எண்ணுவாள், டப்பாவைத் திறந்து கணவருக்குச் சாப்பாடு எடுத்து வைப்பாள். முப்பத்தைந்தாம் நாளோடு பதினான்கு எண்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு சின்ன எண் எதுவும் வரவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு முள் மறுபடி அசைந்தது. புள்ளி பேனாவை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அதிகாரி மேடையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன ஏறியது என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதர் சொல்லிவிடுவார் என்ற பயம்.

மதியம் மனைவி வந்தாள். “இன்னைக்கு ஏதாவது ஏறுச்சா?”

“இல்லக்கா. இன்னைக்கு ஒண்ணும் ஏறல” என்றார் புள்ளி. அவள் பதிவேட்டைப் பார்த்தாள். அன்றைய இடம் காலியாக இருந்தது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அன்று கணவருக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லி வற்புறுத்தினாள். அடுத்து வந்த நாட்களில், போரெல்லாம் முடிந்து தங்கை வந்தால் எந்த அறையில் படுக்க வைப்பது என்றுகூடப் பேசினாள். அதிகாரி தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

ஐம்பத்துமூன்றாம் நாள் வாசலைத் திறந்தார்கள். புது ஒப்பந்தம் போட்டார்கள். செத்தவர்களின் எண்ணிக்கையில் மட்டும் மூன்று தரப்பும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை, அந்தப் பத்தியை விட்டுவிட்டார்கள். அதிகாரி விஷயத்தில் ஆச்சரியமாக ஒத்துப்போனார்கள். இனி அவர் எதை மறைத்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும், உலகத்தில் வேறு எந்த அதிகாரிக்கும் இப்படியொரு வசதி இல்லை என்று ராணுவமே சொன்னது. ஆகவே அவர் அங்கேயே நிற்பார், அவர் எடை பதிவேட்டில் உள்ளபடி தினமும் கழிக்கப்படும், இரண்டு லாரி பிசகினால் பொறுத்துக்கொள்வோம், மூன்றாவதும் பிசகினால் வாசல் நிரந்தரமாக மூடப்படும். இதுதான் விதி.

முதல் லாரி பால்பவுடர். திரும்பி வந்தது. குறைகிறது என்றார்கள். புள்ளி மறுபடி எடை போட்டு, மறுபடி பதிவேட்டில் உள்ளபடி கழித்து அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது. அப்போது மதியம் ஆகியிருந்தது, மனைவி டப்பாவோடு வந்து நின்றாள். வண்டியிலிருந்து இறங்கிய ஓட்டுநர் சீட்டை ஜன்னலில் நீட்டினார்.

“இன்னொரு தடவ இப்படி வந்தா மூடிருவாங்களாம் சார். கொஞ்சம் பார்த்துப் போடுங்க.”

“எவ்ளோ குறையுதாம்?” என்று கேட்டாள் மனைவி. சும்மாதான் கேட்டாள்.

“முப்பத்தொம்பது கிலோ நானூறும்மா. ரெண்டு தடவையும் அதே.”

புள்ளி தலையைத் தூக்கவில்லை. அவள் ஜன்னலுக்கு வந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு மாதத்தைப் பின்னுக்குத் தள்ளி, விரலை வைத்து ஒவ்வொரு நாளாக இறங்கி வந்தாள். நாற்பத்தொன்றாம் நாளின் காலி இடத்தில் விரல் நின்றது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முத்திரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அவருக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

“நாப்பத்தாறு இருந்தாளே” என்றாள்.

லாரியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் இருபத்தாறு லாரிகள் நின்றன. பால்பவுடருக்கு வார்டில் இனிப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. அவள் பதிவேட்டைப் புள்ளியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“எழுதுங்க. லாரி நிக்குது.”

புள்ளி எழுதினார். முப்பத்தொன்பது கிலோ நானூறு கிராம், நாற்பத்தொன்றாம் நாள், காலை எட்டு மணி. அதற்குக் கீழே இருந்த பன்னிரண்டு நாட்களின் கூட்டுத்தொகையையும் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினார். பிறகு மேடையின் முள்ளைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், “டப்பாவ எடுத்துக்குங்கக்கா” என்றார். இப்போது அவளை அக்கா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். அவள் டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, லாரி போகும்வரை மேடைக்கு வெளியே தள்ளி நின்றாள்.

ராணுவத்தின் வாசலில் எடை சரியாக இருந்தது.